அரை மார்க்கும் ஒரு கோதுமைக் காடும்



பெர்த்தில் மகள் வீட்டில் இருந்து திரும்பி மூன்று மாதம் ஆகிறது. "சார், ஆஸ்திரேலியா போயிட்டு வந்து கங்காரு போட்டோ மட்டும் போட்டா எப்படி, எழுதுங்க" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுத ஆரம்பித்தால் ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் புவியியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உலக வரைபடத்தில் கோதுமை விளையும் இடங்களுக்கு மஞ்சள் பென்சில் தீட்டச் சொல்வேன். கனடா, உக்ரைன், பஞ்சாப், கடைசியில் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் ஒரு கீற்று. அந்தக் கீற்றைத் தீட்டாதவர்களுக்கு ஒரு மார்க் போய்விடும். முப்பத்து மூன்று வருஷம் அந்தக் கீற்றைத் தீட்ட வைத்தேனே தவிர, அங்கே வருஷத்துக்கு எவ்வளவு மழை பெய்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மானாவாரி என்று வந்தால் கரும்பலகையில் ஒரே வரிதான் எழுதுவேன்: மானாவாரி விவசாயம் மழையோடு ஆடும் சூதாட்டம். அத்தனை பேரும் மனப்பாடம் செய்து எழுதினீர்கள். அத்தனை பேருக்கும் டிக் போட்டேன்.

ஒருவனைத் தவிர. 1996 காலாண்டுத் தேர்வு என்று நினைக்கிறேன். "மானாவாரி நிலங்களில் விளைச்சல் குறைவதற்குக் காரணங்கள் யாவை?" ஐந்து மார்க் கேள்வி. அவன் இரண்டே வரி எழுதியிருந்தான். "பயிர் இல்லாத காலத்தில் காட்டைச் சும்மா போடுவது. பெய்த மழையைக் களை குடித்துவிடுவது." அரை மார்க் போட்டேன். பேப்பர் கொடுத்த அன்று எழுந்து நின்று, "சார், எங்க அய்யா அப்படித்தான் சொல்லுவாரு" என்றான். "உங்க அய்யாவாலே பாடப் புஸ்தகம் எழுதுனாரு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். நின்றதற்கு நான் காரணம் இல்லை, வீட்டுச் சூழ்நிலை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. மறக்காமல் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஏப்ரலில்தான் புரிந்தது.

ஏப்ரல் கடைசியில் அங்கே நீண்ட விடுமுறை. மருமகனோடு வேலை பார்ப்பவருடைய மாமாவுக்கு மெரிடின் பக்கம் கோதுமைப் பண்ணை இருக்கிறது. "மாமா, நீங்க படம் வரைய வெச்ச எடம்தானே, போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்" என்றார் மருமகன். பெர்த்தில் இருந்து கிழக்கே 260 கிலோமீட்டர். வழி நெடுகச் சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய குழாய் கூட வருகிறது. பெர்த் பக்கத்து அணையில் இருந்து கல்கூர்லி தங்கச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக 1903-ல் திறந்தது, 500 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஓகோ, இந்தத் தண்ணீரை வைத்துத்தான் கோதுமை விளைவிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். தப்பு. அது குடிக்கவும் ஆடுமாடுகளுக்கும். கோதுமைக்கு ஒரு சொட்டுக் கிடையாது. ஆஸ்திரேலியாவில் கோதுமை கிட்டத்தட்ட முழுக்க மானாவாரிதான். மெரிடினில் வருஷத்துக்கு 300 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை. நம் கோவில்பட்டிக்கு ஏறக்குறைய 700. நம்மில் பாதிகூட இல்லாத மழையில் விளைவித்து, பெரும்பகுதியைக் கப்பல் ஏற்றி அனுப்புகிறார்கள். ஜப்பான்காரர் சாப்பிடும் தடித்த நூடுல்ஸ் இருக்கிறதே, அதில் பாதி இந்த மாநிலத்துக் கோதுமை கலந்ததுதான் என்றார் மருமகன்.

அந்த விவசாயிக்கு என் வயது இருக்கும். நாலாயிரம் ஹெக்டேர். நம் கணக்கில் பத்தாயிரம் ஏக்கர்! அவரும் மகனும், விதைப்பு, அறுப்புக்கு மட்டும் இரண்டு ஆட்களும். அவர் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியவில்லை, என் ஆங்கிலம் அவருக்கு முக்கால்வாசி புரியவில்லை. மருமகன் நடுவில் நின்றார்.

நான் பார்த்த காடு எனக்குப் பெரிய ஏமாற்றம். பச்சை இல்லை, மஞ்சள் இல்லை. போன வருஷத்துத் தாள் காய்ந்து வரிசை வரிசையாக நிற்கிறது. உழவே இல்லை. நம் ஊராக இருந்தால், "யார் வீட்டுத் தரிசு இது?" என்றுதான் கேட்போம். வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, போன டிசம்பரில் அறுத்து முடித்த மறுநாளே ஆரம்பித்துவிட்டோம் என்றார்.

வண்டியில் இருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்தார். மூன்றரை அடி, மேலே கைப்பிடி, முனையில் சின்னக் குண்டு. காட்டின் நடுவில் ஊன்றி அழுத்தினார். சரசரவென்று முழங்கால் அளவுக்கு இறங்கி, பிறகு நின்றது. ஈரம் இருக்கிற வரை கம்பி இறங்கும், காய்ந்த மண் வந்தால் நின்றுவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். அடுத்து வேலியோரம் கூட்டிப் போனார். அங்கே மருந்துத் தெளிப்பான் திரும்ப இடமில்லாமல் விட்டுப்போன ஒரு மூலை. பிப்ரவரியில் பெய்த ஒரே ஒரு இடிமழையில் களை முளைத்து, வளர்ந்து, காய்ந்து கிடந்தது. "நீங்கள் குத்துங்கள்" என்று கம்பியை என்னிடம் கொடுத்தார். ஒரு சாண்கூட இறங்கவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். டங் என்று நிற்கிறது. அதே மழை, அதே மண், நடுவே இருபதடி தூரம்.

கம்பியைப் பிடித்தபடி நின்றபோது எனக்கு அந்த விடைத்தாள் ஞாபகம் வந்தது. மருமகனிடம் சொல்லவில்லை.

அப்புறம் வண்டி பானெட்டில் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிரெஞ்ச், ஷுல்ட்ஸ் என்று இரண்டு விஞ்ஞானிகள் பல வருஷம் பல காடுகளில் மழையையும் விளைச்சலையும் அளந்து 1984-ல் வெளியிட்ட கணக்கு அது. பயிர்க்காலத்து மழையில் 110 மில்லிமீட்டரைக் கழித்துவிட வேண்டும். அது மண்ணில் இருந்து வெயிலுக்கு நேராகப் போய்விடுவது. மிச்சம் இருக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஹெக்டேருக்கு 20 கிலோ கோதுமை. 250 மில்லிமீட்டர் மழை என்றால், 250-ல் 110 போக 140. 140 பெருக்கல் 20, 2800 கிலோ. ஏக்கருக்கு நம் மூட்டைக் கணக்கில் பதினொன்றுக்கு மேல். பின்னால் வந்தவர்கள் இந்த எண்களைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அங்கே விவசாயிகளை உலுக்கியது எண் இல்லை, அதற்குப் பின்னால் வந்த கேள்வி. கணக்குப்படி 2800 வர வேண்டும், உன் காட்டில் 1400தான் வந்திருக்கிறது, பாக்கி எங்கே? மழை பெய்யவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. மழையைத்தான் ஏற்கெனவே கணக்கில் எடுத்தாயிற்றே!

முப்பத்து மூன்று வருஷம் நான் மழையைக் குற்றம் சொல்லிப் பாடம் நடத்தினேன். இவர்கள் மழையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பெய்தது எங்கே போயிற்று என்று தேடியிருக்கிறார்கள்.

தேடியதில் அகப்பட்டது ஒன்றல்ல. அந்த மண் உலகத்திலேயே மிகப் பழைய மண்களில் ஒன்று, சத்து எல்லாம் கரைந்து போனது. சூப்பர் பாஸ்பேட் போட்ட பிறகுதான் பயிரே நிமிர்ந்தது. பிறகு ஒரு வகைத் தீவனப் பயறுப் பூண்டை வளர்த்து அதில் ஆடு மேய்த்துத் தழைச்சத்து ஏற்றினார்கள். நம் ஊர்க் கிடைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமைக்குப் பின் கோதுமையே போட்டால் வேரில் நோய் தங்கிவிடுகிறது, நோய் பிடித்த வேர் ஆழத்து ஈரத்தைத் தொடுவதில்லை. அதனால் நடுவில் கனோலா, லூபின் போட்டு மாற்றினார்கள். தாளை எரிக்காமல், உழாமல், விதைக்கிற கோட்டை மட்டும் கீறி விதைத்தார்கள். தாள் நின்றால் வெயில் மண்ணில் நேராக விழாது, காற்று மண்ணை அள்ளாது.

எனக்கு மிகவும் பிடித்தது விக்டோரியா மாநிலத்தில் கெராங் என்ற ஊரை வைத்து விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த கணக்கு. 2010-ல் வெளிவந்தது. பழைய முறையில் ஹெக்டேருக்கு 1.6 டன். உழாமல் விதைத்தால் கொஞ்சம்தான் கூடுகிறது. கோடைக் களையை அழித்தால் ஒரு பெரிய தாவல். முன்பயிராகப் பட்டாணி, இன்னும் கொஞ்சம். விதைப்பை முன்னால் தள்ளினால் இன்னும் கொஞ்சம். அதற்கேற்ற ரகமும் சேர்ந்தால் 4.5 டன். மழை ஒரு சொட்டுக் கூடவில்லை. ஒவ்வொன்றையும் தனியாகச் செய்தவனுக்கு இவ்வளவு கிடைக்காது. ஒன்று மிச்சம் பிடித்த ஈரத்தை இன்னொன்று பயன்படுத்திக்கொள்கிறது.

அதிலும் ஆழத்தில் மிஞ்சுகிற ஈரத்துக்கு மதிப்பு அதிகம். பூத்து மணி பிடிக்கும் நேரத்தில் வேர் ஆழத்தில் போய் எடுக்கும் ஒரு மில்லிமீட்டர், 20 கிலோவுக்குப் பதில் கிட்டத்தட்ட 60 கிலோ தந்ததாகக்கூட அங்கே அளந்திருக்கிறார்கள். கதிர் பிடிக்கிற சமயத்தில் ஒரு மழை வந்தால் போதும் என்று நம் ஊரில் வானத்தைப் பார்ப்போமே, அந்த மழையை முன்கூட்டியே பூமிக்குள் வைத்திருப்பது போல.

ரகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், புவியியல் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காது. ஆஸ்திரேலியக் கோதுமையின் தந்தை என்று வில்லியம் ஃபேரர் என்பவரைச் சொல்வார்கள். பழைய இரண்டு டாலர் நோட்டில் அவர் படம் இருந்தது. வறட்சி வருவதற்குள் முதிர்ந்துவிடும் ஃபெடரேஷன் என்ற ரகத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர். அந்த ரகத்தின் பாட்டன் பூட்டன்களில் ஒன்று நம் உத்தரப் பிரதேசத்து எட்டாவா ஊர்க் கோதுமை! இதை அந்த விவசாயியிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் சொல்லி அவர் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

இன்னொன்று, பசுமைப் புரட்சியைப் பற்றி. குட்டைக் கோதுமை வந்து விளைச்சல் பெருகியது என்று நடத்தியிருக்கிறேன். சரிதான். ஆனால் தாளைக் குட்டையாக்கிய அதே மரபணு, முளை மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் அந்தக் குருத்து உறையையும் குட்டையாக்கிவிட்டது. அதனால் விதையை மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குக் கீழே போடப் பயம். மேல் மண் காய்ந்து, ஈரம் ஒரு சாண் கீழே இருந்தால், விதை ஈரத்தைப் பார்க்காமலே கிடக்கும். இப்போது தாள் குட்டையாகவும் முளை நீளமாகவும் இருக்கிற ரகங்கள் வருகின்றன. பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போட்டாலும் முளைத்து வரும். வெகுநாள் கழித்து, விதை ஈரத்தைத் தேடிப் போகப் போகிறது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும் வழியில் வெள்ளை வெளேரென்று ஒரு பள்ளம் பார்த்தேன். ஏரி வற்றியிருக்கிறது என்று நினைத்தேன். உப்பு. காட்டு மரங்களை எல்லாம் வெட்டிக் கோதுமை போட்டார்கள். மரங்கள் குடித்த அளவு தண்ணீரைக் கோதுமை குடிக்கவில்லை. குடிக்காமல் விட்டது கீழே இறங்கி, நிலத்தடி நீரை உயர்த்தி, அதோடு உப்பையும் மேலே கொண்டுவந்துவிட்டது. அந்தப் பக்கம் இப்படிப் பாழான நிலம் ஏராளம். களைக்கொல்லியை நம்பியதற்கும் விலை கொடுத்துவிட்டார்கள். ரைகிராஸ் என்ற புல் ஒவ்வொரு மருந்துக்கும் பழகிப்போய் நிமிர்ந்து நிற்கிறது. கடைசியில் ஒரு விவசாயியே, அறுவடை இயந்திரத்தில் இருந்து விழும் களை விதையை அப்போதே அரைத்துப் பொடியாக்க ஒரு இயந்திரம் செய்தார். மருந்து டப்பாவை மட்டும் அங்கிருந்து நாம் இறக்குமதி செய்துவிடக் கூடாது என்று அன்றைக்கே தோன்றியது.

இப்போது எங்கள் அய்யாவுக்கு வருகிறேன். உறவுகளுக்கு அவரைத் தெரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன், கரிசலில் நாலு ஏக்கர் மானாவாரி. பருத்தி, சோளம், ஓரத்தில் பாசி, உளுந்து. மாசியில் எல்லாம் முடிந்த பிறகும், சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் மறுநாள் ஏரைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மா திட்டுவாள். "பயிரே இல்லாத காட்டுல அப்படி என்ன வேல? மாடுக ரெண்டும் எலும்பும் தோலுமா நிக்குது." அய்யா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே, "சும்மா போட்டா அருகும் கோரையும் குடிச்சிட்டுப் போயிரும். அப்புறம் ஐப்பசியில வானத்தப் பாத்து என்ன செய்ய?" என்பார். நான் அப்போது பி.எட். முடித்து வந்திருந்தவன். எனக்கு அது கிழவர்களின் பழக்கம், வெயிலில் போய்ச் சாகிற பழக்கம்.

அந்த ஊரில் உழாமல் மிச்சம் பிடிக்கிறார்கள், இவர் உழுது மிச்சம் பிடித்தார். முரண்பாடு இல்லை. கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்பு வழியே அடி ஈரம் ஆவியாகிப் போகும். மேல் மண்ணைக் கிளறிவிட்டால் வெடிப்பு மூடிக்கொள்ளும், களையும் சாகும். அங்கே தாள் போர்வை, இங்கே புழுதிப் போர்வை. நமக்குத் தாளைக் காட்டில் விட முடியாது, சோளத்தட்டை மாட்டுக்கு வேண்டும். அவர்களுக்குக் குளிர்காலத்தில் மெதுவாகப் பெய்யும், நமக்கு வடகிழக்குப் பருவத்தில் நாலு நாளில் கொட்டிவிட்டுப் போகும். அதனால் அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து கரிசலில் வைக்க முடியாது. கேள்வியை வைக்கலாம்.

முன்பருவ விதைப்பையும் நம் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ காலமாகச் சொல்கிறது. மழைக்கு முன்னாலேயே புரட்டாசியில் சோளத்தைப் புழுதியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட வேண்டும். ஆழம் எதற்கு? ஏமாற்று மழை ஒன்று தூறினால் விதை முளைத்துக் கருகிவிடக் கூடாது. நல்ல மழை இறங்கினால் மட்டும்தான் ஈரம் விதையைத் தொடும். அந்த மெரிடின் விவசாயியும் மே மாதம் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார். ஜி.பி.எஸ். வைத்த டிராக்டரில் செய்கிறார், அதுதான் வித்தியாசம்.

அய்யா 2009-ல் போனார். தம்பி ஏழெட்டு வருஷம் பார்த்தான். "மானாவாரியில என்னடா மிச்சம், பேசாம விட்டுட்டு டவுனுக்கு வா" என்று சொன்னவன் நான்தான். அவன் கேட்டான். இன்றைக்கு அந்த நாலு ஏக்கரும் சீமைக் கருவேல். இப்போது ஒரு சூரிய மின்சாரக் கம்பெனி விலை கேட்டு வந்திருக்கிறது. கார்த்திகைக்குள் பதில் வேண்டுமாம். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "வித்துறலாம்" என்று ஆறு பேர் கட்டை விரலைக் காட்டியிருக்கிறீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. அதற்குப் பதில்தான் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும் பட்டறையில் சொல்லி ஒரு கம்பி செய்தேன். மூன்றரை அடி, முனையில் குண்டு. பட்டறைக்காரர், "சார், புதையல் பாக்கப் போறீங்களா?" என்று கேட்டார். போன வாரம் நல்ல மழை. நாலு நாள் கழித்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். கருவேல் தூருக்கு நடுவில் குத்தினேன். ஒரு சாண், அவ்வளவுதான். பக்கத்துக் காடு அந்த அரை மார்க் மாணவனுடையது. சித்திரையில் ஒரு உழவு, ஆடியில் ஒரு உழவு போட்டு, போன மாதம் சோளம் விதைத்திருக்கிறான். முளை விட்டிருந்தது. வரப்பில் நின்று, "தம்பி, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைத்தேன். அவன் காட்டில் கம்பி முழங்கை அளவு இறங்கியது. என் தம்பி என்னிடம் இருந்து கம்பியை வாங்கி, நாலைந்து இடத்தில் தானே குத்திப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

நான் அவனிடம் 1996 காலாண்டுத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். அவன் எழுதியது சரி, நான் போட்டது தப்பு, ஐந்துக்கு ஐந்து போட்டிருக்க வேண்டும், அத்தனை பேர் முன்னால் அவன் அய்யாவைப் பற்றி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொன்னேன். அவனுக்கு மார்க் ஞாபகம் இல்லை. சிரித்தது ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரம் முளையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அது கெடக்கட்டும் சார். ஒங்க கருவேல எப்ப எடுக்கப் போறீங்க? அதோட வேரு ஏங் காட்டுக்குள்ள வந்து தண்ணி குடிக்குது" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பிதான், "ஜேசிபி சொல்லட்டுமா?" என்றான். "இப்ப கரிசல்ல ஜேசிபி எறங்காதுண்ணே, பொதைஞ்சிரும். மாசி வரட்டும். தூரோட எடுத்துட்டு, சித்திரை மழைக்கு ஒரு கோடை உழவு போட்டு வைங்க. வெதைக்க ஆளு இல்லன்னா நான் வாரத்துக்குப் பாக்கேன்" என்றான்.

ஆகவே உறவுகளே, மாசி வரை என் கையெழுத்து வராது. திட்ட வேண்டும் என்றால் போன் செய்து திட்டுங்கள், இங்கே வேண்டாம், மாணவர்கள் படிக்கிறார்கள். மெரிடின்காரர் நவம்பரில் அறுப்பு முடிந்ததும் எத்தனை டன் என்று மருமகனுக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.